நேரம் மறந்த லேப்டாப்

ஓசூர் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாணயம் அளவு ஒரு பேட்டரி, கொஞ்சம் ஈயம், ஓர் அக்கா மகன்.

அத்திப்பள்ளியைத் தாண்டியதுமே பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிடுகிறார்கள். எல்லாம் சந்தாபுராவில் இறங்குகிறவர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று வழியெல்லாம் ஏறியவர்கள். விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்புகிறார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் ஓர் அரிசிப் பை, ஒரு எண்ணெய் கேன், ஓர் ஊறுகாய் டப்பா. என் மடியில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு பழைய லேப்டாப். என் கைக்கடிகாரத்தில் ஞாயிறு பிற்பகல் மூன்றரை. பைக்குள் இருப்பதைத் திறந்து கேட்டால், 2012 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள் என்று சாதிக்கும்.

அது அக்கா வீட்டு லேப்டாப். அக்கா மகன் பிளஸ் டூ படித்தபோது, 2014-ல், தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்தது. அக்கா வீட்டுக்கும் அதுதான் முதல். இன்றுவரை அது ஒன்றுதான். பையன் டிப்ளமோ முடித்து சந்தாபுராவுக்கு வேலைக்குப் போனதும், லேப்டாப் தங்கை கைக்கு வந்தது. அவள் இப்போது கல்லூரியில் கடைசி வருடம்.

இத்தனை வருடம் ஓடியதே பெரிது. பெரிய பேட்டரி எப்போதோ உயிரை விட்டது. சார்ஜரைச் செருகினால்தான் ஓடும். அதையும் பழகிக்கொண்டார்கள். புதிதாக வந்த நோய்தான் விசித்திரம். கரன்ட் போய்த் திரும்பி வந்தால், அல்லது பிளக்கைப் பிடுங்கிச் செருகினால், மெஷின் 2012-க்குப் போய்விடுகிறது. தினமும் காலையில் தேதியைக் கையால் மாற்ற வேண்டும். மறந்துவிட்டால் வில்லங்கம். வங்கிப் பக்கம், கல்லூரிப் பக்கம் எதுவும் திறக்காது. "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று ஒரு சிவப்பு எச்சரிக்கை வந்து நிற்கும்.

அதைக்கூடச் சமாளித்திருப்பாள். ஒரு நாள் அவசரத்தில் தேதியை மாற்றாமலேயே ப்ராஜெக்ட் அறிக்கையைத் திருத்தி எழுதினாள். திருத்திய பிரதி 2012-ல் எழுதியதாகப் பதிவாகிவிட்டது. பென் டிரைவில் இருந்த பழைய பிரதியோ மெஷினின் கணக்கில் "புதியது". எது புதியதோ அதை வைத்துக்கொள் என்று நகலெடுக்கச் சொன்னதும், பழையது புதியதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆறு வார வேலை போயிற்று. பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா போனில் சொன்னாள்.

பக்கத்து டவுனில் ஒரு கடையில் காட்டினோம். "மதர்போர்டு போயிடுச்சு. ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும். பேசாம புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். அக்கா மகனிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். "மாமா, அது மதர்போர்டு இல்ல. உள்ளே ஒரு பட்டன் செல் செத்திருக்கும். எடுத்துட்டு வாங்க, நாமளே பண்ணிடலாம்."

அதனால்தான் இந்தப் பயணம்.

சந்தாபுராவை ஊர் என்பதா, நகரத்தின் வால் என்பதா என்று தீர்மானிப்பது கஷ்டம். கன்னியாகுமரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 ஊரின் நடுவே ஓடுகிறது. பழைய ஆட்களுக்கு அது இன்னும் ஏழாம் நம்பர் ரோடுதான். சர்க்கிளில் ஒரு பக்கம் ஆனேக்கல் போகும் ரோடு பிரிகிறது. மறுபக்கம் தொம்மசந்திரா ரோடு. வடக்கே பொம்மசந்திரா தொழிற்பேட்டையும், அதற்கும் வடக்கே எலக்ட்ரானிக் சிட்டியும். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே பஸ், ஷேர் ஆட்டோ, கால்.

சர்க்கிளில் நின்று ஐந்து நிமிடம் காது கொடுத்தால் கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி நான்கும் விழுகின்றன. பூக்காரம்மா கன்னடத்தில் விலை சொல்லி, தமிழில் பேரம் கேட்டு, தெலுங்கில் திட்டுகிறார். தெருவுக்குத் தெரு வாடகை ரூம்கள், மெஸ்கள், சலூன்கள், செல்போன் ரிப்பேர்க் கடைகள். இங்கே குடியிருப்பவர்களின் நாள் சூரியனைப் பார்த்துத் தொடங்குவதில்லை, ஷிஃப்டைப் பார்த்துத்தான். காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட். கம்பெனி பஸ் ஐந்து நிமிடம் முன்னே போய்விட்டால் அரை நாள் சம்பளம் போயிற்று. நேரத்துக்கு இவ்வளவு பயப்படும் ஓர் ஊருக்கு, நேரம் மறந்த ஒரு மெஷினைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தது ஒருவகையில் பொருத்தம்தான்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஓசூர் சாலை ஒரு கடிகாரச் சாலை. டாடா குழுமமும் தமிழகத்தின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் கம்பெனியின் முதல் வாட்ச் தொழிற்சாலை ஓசூரில். அதே கம்பெனியின் தலைமை அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில், வீரசந்திரா ஏரிக்கரையில். இரண்டுக்கும் நடுவில் சந்தாபுரா. பெங்களூருக்குக் கடிகாரம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி துணையோடு ஹெச்.எம்.டி. இங்கே 1961-ல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய வாட்சுகள். கல்யாண மாப்பிள்ளைக்கு ஹெச்.எம்.டி. என்று ஒரு தலைமுறையே இருந்தது. குவார்ட்ஸ் வந்து சாவியை ஒழித்தது. ஹெச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது.

அந்தக் குவார்ட்ஸ்தான் என் மஞ்சள் பைக்குள்ளும் இருக்கிறது. குவார்ட்ஸ் என்பது படிகக் கல். அழுத்தினால் மின்சாரம் தரும் என்ற படிகங்களின் குணத்தை 1880-ல் பிரான்சில் க்யூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அவை அதிரவும் செய்யும். கைக்கடிகாரத்தில் இருக்கும் படிகத்தை ஒரு விநாடிக்குச் சரியாக 32,768 முறை அதிரும்படி வெட்டுகிறார்கள். ஏன் இந்த விநோத எண்? அதைப் பாதியாக்கி, மீண்டும் பாதியாக்கி, இப்படிப் பதினைந்து முறை செய்தால் மிஞ்சுவது ஒன்று. விநாடிக்கு ஒரு துடிப்பு. ஓசூரில் செய்யும் வாட்சுக்கும் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் நேரக் கணக்கு இதே எண்தான்.

படிகம் அதிர மின்சாரம் வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் வேண்டும். 1981-ல் வந்த ஐ.பி.எம்.மின் முதல் பி.சி.க்கு இந்த வசதி கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் இன்று என்ன தேதி, மணி என்ன என்று அதுவே நம்மைக் கேட்கும். 1984-ல் வந்த மாடலில் ஒரு கடிகாரச் சில்லும் அதற்கென்று தனி பேட்டரியும் வைத்தார்கள். அன்று முதல் கம்ப்யூட்டர் தூங்கும்போதும் அதற்குள் ஒரு காவல்காரன் விழித்திருக்கிறான். அவனுக்குச் சாப்பாடு போடுவதுதான் இந்தப் பட்டன் செல்.

அந்தச் சில்லு வருடத்தைக் கடைசி இரண்டு இலக்கமாகத்தான் வைத்துக்கொண்டது. இரண்டாயிரமாவது ஆண்டை எண்ணி உலகம் நடுங்கியதன் விதைகளில் அதுவும் ஒன்று. வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களின் தேதியைத் திருத்தும் வேலை 1990-களின் கடைசியில் பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வந்து குவிந்தது. 1978-ல் கியோனிக்ஸ் நிறுவனத் தலைவர் ஆர்.கே. பாலிகா, கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கரில் அமைத்த எலக்ட்ரானிக் சிட்டிக்கு அந்தக் காலம் நல்ல காலம். ஊர் உலகத்தின் தேதியைச் சரிசெய்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கல்லூரி மாணவியின் தேதியைச் சரிசெய்ய நான் பஸ் பிடித்து வந்திருக்கிறேன்.

அக்கா மகன் சர்க்கிளில் காத்திருந்தான். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு அசெம்பிளி லைனில் வேலை. "டீ அப்புறம் குடிக்கலாம் மாமா. முதல்ல செல் வாங்கிடலாம்" என்று ஒரு செல்போன் கடைக்கு இழுத்துப் போனான். கவுன்டரில் தொங்கிய சாதாரண செல்லை நான் எடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான். "அது இல்ல. காது வச்சது வேணும்."

காது என்பது செல்லின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் சின்ன உலோகத் தகடு. கடைக்காரர் இழுப்பறையைக் குடைந்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். எண்பது ரூபாய். இங்கே கிடைக்காவிட்டால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்றான். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு அப்படி.

அவன் ரூம் ஆனேக்கல் ரோட்டுக்கு உள்ளே, மூன்றாவது மாடி. மூன்று பேர், ஒரு ஜன்னல், ஒரு ஃபேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா வெளியே வந்தது. அதற்குள் சால்டரிங் அயர்ன், ஈயக்கம்பிச் சுருள், மல்டிமீட்டர், திருப்புளிகள்.

முதலில் சார்ஜரைப் பிடுங்கினான். செத்த பெரிய பேட்டரியையும் கழற்றி வைத்தான். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்தான். கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் படத்தில் அதன் இடத்திலேயே டேப் போட்டு ஒட்டினான். "நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ ஓட்டையில போட்டா போர்டையே குத்திடும் மாமா. பாதி லேப்டாப் அப்படித்தான் சாகுது." பதினொரு ஸ்க்ரூ. மூடி கிளம்பியது. பத்து வருடத் தூசு. ஓரத்தில் கறுப்பு உறைக்குள் ஒரு வட்டம். அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய ஒயர்கள் போர்டில் ஒரு குட்டிச் செருகியில் முடிந்தன.

செருகியை நகத்தால் நெம்பி எடுத்து மல்டிமீட்டரை வைத்தான். மூன்று வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 0.9. "அவ்வளவுதான் மாமா உங்க மதர்போர்டு" என்றான்.

உறையைக் கீறியதும் செல்லின் முகம் தெரிந்தது: சி.ஆர். 2032. இந்த எழுத்தும் எண்ணும் வெறும் அலங்காரம் அல்ல. 20 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம். 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் கனம். சி.ஆர். என்றால் மறுபடி சார்ஜ் செய்யக் கூடாத லித்தியம் செல். சில லேப்டாப்களில் எம்.எல். என்று தொடங்கும், சார்ஜ் ஆகும் செல் இருக்கும். அந்த இடத்தில் சி.ஆர். செல்லை வைத்தால் மெஷின் அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். செல் உப்பும், வெடிக்கவும் கூடும். பழையதில் எந்த எழுத்தோ, புதியதிலும் அதே எழுத்து.

இவ்வளவு சின்னது எப்படி இத்தனை வருடம் தாங்கியது? கணக்குப் போட்டுப் பார்த்தோம். இந்த செல்லில் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி மின்சாரம் இருக்கும். கடிகாரத்துக்கு வேண்டியது ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு. மூன்று பங்கு என்று வைத்தால், எழுபத்து மூவாயிரம் மணி நேரம். எட்டு வருடத்துக்கு மேல். பெரிய பேட்டரி உயிரோடு இருந்தவரை அது இந்தச் சுமையைத் தாங்கியிருக்கும். அது போன பிறகு முழு பாரமும் இந்தப் பட்டன் தலையில்.

நேரம் தவறினால் வங்கிப் பக்கம் ஏன் கதவைச் சாத்துகிறது என்பதையும் அவன் சொன்னான். பாதுகாப்பான ஒவ்வொரு இணையப் பக்கமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2012-ல் வாழும் மெஷினுக்கு, இந்த வருடம் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்காத பிள்ளை. நம்ப மறுக்கிறது. இன்டர்நெட் கிடைத்ததும் நேரம் தானே சரியாகிவிடாதா? பல மெஷின்களில் ஆகும். வித்தியாசம் வருடக் கணக்கில் போனால் சில மெஷின்கள் திருத்த மறுத்துவிடும்.

அயர்ன் சூடாகிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே டி.வி. மெக்கானிக்கிடம் கொடுத்து, ஒயரை நேராகச் செல்லின் மேல் பற்றவைத்துவிடலாம் என்று நான் முதலில் நினைத்ததைச் சொன்னேன். அவன் முகம் மாறியது. "நல்ல வேளை பண்ணல." லித்தியம் சுமார் 180 டிகிரியில் உருகும். சாதாரண சால்டர் ஈயம் உருகுவது 183 டிகிரியில். அயர்னின் முனை முந்நூறைத் தாண்டி இருக்கும். நேராகச் செல்லில் வைத்தால் உள்ளே இருக்கும் அடைப்பு உருகி, செல் கசியலாம், கண் முன்னே வெடிக்கலாம். காது வைத்த செல்லின் ரகசியம் இதுதான். தொழிற்சாலையில் அந்தத் தகட்டை ஒரு கண நேர மின்சாரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். சூடு உள்ளே இறங்க நேரம் கிடைப்பதில்லை. நாம் தகட்டின் நுனியில் மட்டும் ஈயம் வைத்தால் போதும். காது வைத்த செல் கிடைக்காதவர்கள், செல்லைச் செருகும் பிளாஸ்டிக் ஹோல்டர் வாங்கி அதன் கால்களில் ஒயரைப் பற்றவைக்கலாம். அடுத்த முறை அயர்னே வேண்டாம். ஆனால் ஒல்லி லேப்டாப்பில் ஹோல்டருக்கு இடம் இருக்காது.

ஜன்னலைத் திறந்து வைத்தான். ஈயத்தோடு உருகும் பிசினின் புகை மூச்சுக்கு ஆகாது. பழைய ஒயர்களை வெட்டி, நுனியைச் சீவி, சிவப்பு ஒயரில் ஒரு சின்ன ஸ்லீவைக் கோத்தான். "இத முதல்லயே போடணும். பத்துப் பேர்ல ஒன்பது பேர் ஒட்டின பிறகுதான் ஸ்லீவைத் தேடுவாங்க." கூட்டல் குறி போட்ட பக்கத்துத் தகட்டின் நுனியில் கொஞ்சம் ஈயம், ஒயர் நுனியில் கொஞ்சம் ஈயம். இரண்டையும் சேர்த்து அயர்னால் ஒரு தொடல். இரண்டு விநாடி. வெள்ளி மாதிரி பளபளத்தது.

"கறுப்பு நீங்க வைங்க மாமா."

கை நடுங்கியது. ஒட்டிவிட்டது போலத்தான் தெரிந்தது. அவன் ஒயரை மெல்ல இழுத்தான். கையோடு வந்துவிட்டது. "ட்ரை சால்டர். மங்கலா, உருண்டையா இருக்கு பாருங்க. ஈயம் உருகிச்சு, தகடு சூடாகல. ஈயத்தைச் சூடாக்காதீங்க, தகட்டைச் சூடாக்குங்க. ஈயம் தானா ஓடி வரும்." செல் ஆறட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி வைத்தேன். இந்த முறை ஈயம் தகட்டில் தண்ணீர் மாதிரி பரவியது. இழுத்தான். வரவில்லை. மல்டிமீட்டர் 3.2 காட்டியது. வெளி உறைக்குச் சூடு காட்டாமல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, பழைய இடத்திலேயே ஒட்டி, செருகியைச் செருகினான். பதினொரு ஸ்க்ரூவும் அவரவர் இடத்துக்குப் போயின. இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். ஈயம் வயிற்றுக்குப் போகக் கூடாது.

பழைய செல்லை மேஜையிலேயே விட்டிருந்தேன். அவன் எடுத்து இரு பக்கமும் டேப் ஒட்டி டப்பாவில் போட்டு மூடினான். கீழ் வீட்டில் குழந்தை இருக்கிறது என்றான். செத்த செல்லிலும் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கும். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். அப்படி நடந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

குப்பையிலும் போட முடியாது. சந்தாபுராக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரை ஒட்டிய ஏரி கழிவால் கெட்டுப்போனதற்காக, கர்நாடக அரசு ரூ. 500 கோடி கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. தூக்கி எறிந்தது எல்லாம் எங்கோ போய்விடுவதில்லை, பக்கத்து ஏரிக்குத்தான் போகிறது என்பதை மூக்கால் அறிந்தவர்கள் இவர்கள். எண்பது ரூபாய் செல்லுக்காக ஒரு முழு லேப்டாப்பைத் தூக்கி எறியச் சொல்கிறது கடை. பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் போட்ட சட்டம் 2027 பிப்ரவரியில் அமலுக்கு வருகிறது. சட்டம் வரட்டும். அதுவரை பிஸ்கட் டப்பாக்கள்தான் கதி.

சார்ஜரைச் செருகி, தேதியும் மணியும் வைத்தோம். உடனே ஊருக்குக் கிளம்பலாம் என்றேன். "இருங்க மாமா. ராத்திரி முழுக்கப் பிளக்கைப் பிடுங்கி வச்சுப் பார்க்கணும். அதான் பரீட்சை" என்றான். மெஸ்ஸில் சாப்பிட்டு மொட்டை மாடியில் படுத்தோம். நெடுஞ்சாலையில் லாரிகளின் சத்தம் விடிய விடிய ஓயவில்லை.

காலை ஐந்தரைக்கே தெரு விழித்துவிட்டது. கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. அடையாள அட்டை கழுத்தில் ஆட, டிபன் பாக்ஸோடு பெண்களும் பையன்களும் ஓடினார்கள். அக்கா மகனும் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். இன்டர்நெட் எதுவும் இணைக்காமல், பிளக்கைச் செருகி லேப்டாப்பைத் திறந்தேன். அவன் தன் போனைப் பக்கத்தில் வைத்தான். இரண்டிலும் 6.04. இரண்டிலும் திங்கட்கிழமை. வருடமும் இந்த வருடம்தான்.

"சரி மாமா, பஸ் வந்துடும்" என்று படியிறங்கி ஓடினான். நான் தங்கைக்காரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மாமா, இனிமே நான் காலையில தேதி மாத்த வேண்டாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அந்த ஆறு வார வேலையை அவள் மறுபடி எழுதத்தான் வேண்டும். அதை எந்த ஈயத்தாலும் ஒட்ட முடியாது. இந்த முறை எழுதுவது எழுதிய நாளிலேயே இருக்கும்.